அனுமதி யாருடையது?

சென்ற ஆண்டு மருத்துவ மேற்படிப்பு மாணவர் ஒருவர், நம் பழைய மாணவி ஒருத்தியின் தம்பி, அரூரில் உள்ள நம் வீட்டுக்கு எட்டுப் பக்கத் தாள்களுடன் வந்தார். நீரிழிவால் காலில் வரும் ஆறாத புண்ணுக்கு வழக்கமாகக் கட்டும் கட்டையும் புதிய களிம்பு ஒன்றையும் ஒப்பிட்டு ஆராய்வது அவருடைய ஆய்வேடு. மருத்துவமனையின் நெறிமுறைக் குழு எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு, நோயாளிகளுக்குத் தரவேண்டிய தமிழ்த் தகவல் தாளை மட்டும் 'மொழி விளங்கவில்லை' என்று திருப்பி அனுப்பியிருந்தது. ஒற்றுப்பிழைகளைத் திருத்தித் தந்தால் போதும் என்றார். தாளைப் படித்தபோது, ஒற்றுப்பிழை அன்று நோய் என்று புரிந்தது. இத்தகைய தாள் ஒன்று ஏன் தேவைப்படுகிறது, எப்போது வந்தது என்று தேடத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் மலேரியாவை ஆராய்ந்துகொண்டிருந்த ரொனால்ட் ராஸ், உசேன் கான் என்னும் நோயாளியைக் கொசுக்கள் கடிக்கச் செய்தார். ஒரு கொசுவுக்கு ஓரணா கூலி. அந்தக் கொசுக்களில் ஒன்றின் வயிற்றில்தான் மலேரியாக் கிருமியின் வளர்ச்சியை ராஸ் கண்டார். 1902இல் நோபல் பரிசும் பெற்றார். உசேன் கானிடமிருந்து பெறப்பட்ட 'அனுமதி' அந்த அணாக் கணக்குத்தான். அதே 1897 ஜனவரியில் பம்பாயில் ஹாஃப்கின் தம் பிளேக் தடுப்பூசியை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அந்த நேர்மையைப் போற்றத்தான் வேண்டும். ஆனால் அடுத்து அவர் சென்ற இடம் பைகுல்லா சிறைச்சாலை. கைதிகள் தாமாக முன்வந்தார்கள் என்பது பதிவு. சிறைக்குள் 'தாமாக' என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்று அக்காலத்தில் யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

நம் மாநிலத்தின் வரலாற்றில் இவ்விஷயத்தில் நின்று பார்க்கவேண்டிய இடம் சென்னைச் சேத்துப்பட்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. ஆய்வை வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். காசநோயாளியை ஊருக்கு வெளியே நல்ல காற்றும் ஊட்டமும் ஓய்வும் உள்ள சானடோரியத்தில் வைத்தால்தான் பிழைப்பார் என்பது அந்நாளைய நம்பிக்கை. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து, இருவருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். 1959இல் வெளிவந்த முடிவு உலகை வியக்கச் செய்தது. சானடோரியத்தில் 92 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியது. நெருக்கமான குடிசையில், போதாத உணவோடு இருந்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கு அடங்கியது. சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியதற்குச் சேத்துப்பட்டு ஒரு பெருங்காரணம்.

இன்றைய நெறிமுறைக் குழுவின் முன் இவ்வாய்வு வந்தால் எழும் முதல் கேள்வி எது? தொற்றும் நோயுள்ளவரைக் குழந்தைகளுள்ள ஒற்றை அறையில் இருக்கவிடலாமா என்பதுதான். ஆய்வாளர்களுக்கும் அக்கேள்வி இருந்தது. குடும்பத்தினரையும் தொடர்ந்து சோதித்தார்கள். வீட்டில் வைத்ததால் அவர்களுக்கு ஆபத்து கூடவில்லை என்று கண்டார்கள். ஆயினும் அக்கேள்வியை வெளியிலிருந்து கேட்கக் கடமைப்பட்ட குழு என்ற ஒன்று உலகில் அப்போது வழக்கத்துக்கே வரவில்லை. ஹெல்சிங்கி அறிக்கை வந்தது 1964இல். ஆய்வுத் திட்டத்தைத் தனிக்குழு ஒன்று பரிசீலிக்கவேண்டும் என்று அது திருத்தப்பட்டது 1975இல். 1956இல் நான்கு பெரிய அமைப்புகள் உடன்பட்டால் அனுமதி நிறைவுற்றது. நல்ல மனிதர்கள் செய்த நல்ல ஆய்வு என்பது நம் பேறு.

எல்லா இடத்திலும் அப்பேறு வாய்க்கவில்லை. 1976 முதல் 1988 வரை தில்லியில் கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் கொண்ட 1,158 பெண்கள் சிகிச்சையின்றிக் கண்காணிக்கப்பட்டார்கள், நோய் எப்படி முற்றுகிறது என்று அறிவதற்காக. எழுத்து மூலமான ஒப்புதல் இல்லை. நடத்தியது மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனமே. இதில் நம்மை உறுத்துவது ஆண்டுக்கணக்கு: நீதிபதி எச்.ஆர். கன்னா தலைமையிலான குழுவைக் கொண்டு அதே கழகம் ஒப்புதல் பற்றிய தன் முதல் நெறிமுறையை வெளியிட்டது 1980இல். ஆய்வு அதன்பின்னும் எட்டாண்டுகள் நடந்தது. செய்தி 1997இல்தான் பொதுவெளிக்கு வந்தது. நீதிபதி வெங்கடாசலையா தலைமையில் விரிவான நெறிமுறைகள் 2000இல் வந்தன. இவற்றுக்குச் சட்டத்தின் பல் முளைத்தது இன்னும் தாமதமாக: 2013இல் உச்ச நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் ஒப்புதலை ஒலி-ஒளிப் பதிவு செய்யவேண்டும் என்றாயிற்று, 2019இல் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் வந்தன.

அவ்விதிகளின்படி நெறிமுறைக் குழுவில் குறைந்தது எழுவர் இருக்கவேண்டும். பாதிப்பேர் அந்நிறுவனத்தைச் சேராதவராக இருக்கவேண்டும். சட்டம் அறிந்தவர் ஒருவர், பெண் ஒருவர், மருத்துவமறியாத சாமானியர் ஒருவர் கட்டாயம். குழு இல்லாத மருத்துவமனை ஐம்பது கிலோமீட்டருக்குள் உள்ள வேறொரு குழுவை நாடலாம். அரூருக்குத் தருமபுரி அந்த வட்டத்துக்குள் அடங்கும் என்பதை ஓர் உள்ளூர்க்காரரின் அற்பத் திருப்தியோடு குறித்துக்கொண்டோம்.

பழங்குடியினரிடம் ஆய்வு செய்வதென்றால் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் மேலும் கேட்கின்றன: மாவட்ட ஆட்சியர் போன்ற அதிகாரியின் அனுமதி, ஊர்ப் பெரியவர்களின் இசைவு, வட்டாரப் பேச்சு அறிந்தவரின் துணை. இத்தனைக்குப் பிறகும் தனிமனிதரின் ஒப்புதலைத் தனியே பெறவேண்டும். சித்தேரி, சிட்லிங்கி மலைகளில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் இவ்வட்டத்தில் இது ஏட்டு விதி அன்று. 1992 ஜூனில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்து கொடுமை இழைத்த வாச்சாத்தி இங்கேதான் இருக்கிறது. குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்க 2011 வரை ஆயிற்று. அரசுத் தாளொன்றை நீட்டிக் கைநாட்டு வைக்கச் சொன்னால் இங்குள்ள முதியவர்கள் எதை நினைப்பார்கள்? மறுக்கத் துணியாமல் வைத்த கைநாட்டும் ஒப்புதல் ஆகிவிடாது. சிட்லிங்கியில் மருத்துவர்கள் ரெஜி, லலிதா தம்பதியர் தொடங்கிய பழங்குடியினர் மருத்துவமனை அவ்வூர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. அவர்கள் வாயால் விளக்கப்படும் செய்தியும் நகரத்திலிருந்து அச்சிட்டு வரும் தாளும் ஒன்றல்ல.

இனி அந்த எட்டுப் பக்கத் தாளுக்கு வருவோம். 'இப்பரிசோதனையில் தாங்கள் தன்னிச்சையாகப் பங்கேற்கிறீர்கள்' என்று தொடங்கியது. ரத்தப் பரிசோதனைக்கும் மருந்துப் பரிசோதனைக்கும் தமிழில் ஒரே சொல். நோயாளியின் காதில் விழுவது முதலாவதுதான்: டாக்டர் என் நோயைக் கண்டுபிடிக்கச் சோதிக்கிறார். 'தன்னிச்சையாக' என்பதோ இன்று, யாரையும் கேளாமல் செய்த அடாவடி என்ற பொருளையே பெரும்பாலும் தருகிறது. வழக்கமான கட்டுப் பெறுவோரைக் 'கட்டுப்பாட்டுக் குழு' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். அதைப் படிப்பவர் ஏதோ அதிகாரிகள் கூடும் கமிட்டி என்றே கொள்வார். எல்லாச் சொல்லும் அகராதியில் உள்ளவை. ஆனாலும் அந்தத் தாளில் கையொப்பமிடுபவர் தாம் எதற்கு உடன்படுகிறோம் என்று அறிந்திருக்க வழியில்லை. கலைச்சொல்லாக்கத்தில் நாம் காட்டிய பெருமிதத்தில் பாதியையாவது கேட்பவரின் செவிக்குச் செலவழித்திருக்கலாம். நம் துறையும் இதற்குப் பொறுப்பு.

'பரிசோதனை' இருந்த இடங்களில் 'ஆராய்ச்சி' என்றும், 'சமவாய்ப்பு முறை' இருந்த இடத்தில் 'சீட்டுப் போட்டு' என்றும், 'தன்னிச்சையாக' என்பதற்கு 'விருப்பம் இருந்தால் மட்டும்' என்றும் மாற்றினோம். மாற்றியதை நம் தெருவில் பூ விற்கும் அம்மாள் ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டினோம். பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். முழுவதும் கேட்டுவிட்டு அவர் கேட்டது: “சீட்டுல எம்பேரு புது மருந்துக்கு வரலைன்னா, கால்ல கட்டு கட்டாம உட்டுருவாங்களா சார்?”

எட்டுப் பக்கத்தில் அதற்கு விடை இல்லை. மாணவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். வழக்கமான கட்டு எல்லோருக்கும் உண்டு, அது சொல்லாமலே விளங்குமே என்றார். விளங்கவில்லை என்றோம். மறுவாரம் குழுவுக்குச் சென்ற தாளின் முதற்பக்கத்தில் இப்படி ஒரு வரி சேர்ந்திருந்தது: 'சீட்டில் உங்களுக்கு எது வந்தாலும், நீங்கள் இந்த ஆராய்ச்சியில் சேராவிட்டாலும், நடுவில் விலகினாலும், உங்கள் புண்ணுக்கு இப்போது கட்டும் கட்டை நிறுத்த மாட்டோம்.'