ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே

சென்ற மழைக்காலத்தில், பள்ளிக்குச் செல்லும் வழியில் நீர் மூடிய குழியொன்றில் என் மகிழுந்து இறங்கியது. மகன் ஆசைப்பட்டு மாட்டிய பெரிய ரிம் வளைந்தது. அப்சோர்பரும் எண்ணெய் கசிந்தது.

இந்த அடியைத் தணிக்க மனிதன் நெடுங்காலம் பாடுபட்டான். இரும்புப் பட்டையிட்ட வண்டிச் சக்கரம் ஒவ்வோர் அதிர்வையும் அச்சுக்கே அனுப்பியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஒபதையா எலியட் அமைத்த நீள்வட்ட வில், மேலிருப்போரைக் காத்தது, சக்கரத்தைக் காக்கவில்லை. 1845இல் ராபர்ட் தாம்சன் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். உலகம் அதனை மறந்தே போயிற்று! பின்னர் பெல்ஃபாஸ்டில் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதனை மீண்டும் உருவாக்கி, 1888இல் காப்புரிமை பெற்றார். 1895இல் மிஷ்லேன் சகோதரர்கள் பாரிஸ்–போர்தோ பந்தயத்தில் மகிழுந்துக்கும் அதனை மாட்டினர், வழிநெடுகப் பஞ்சர்தான். ஆயினும் காற்று வென்றது. மகிழுந்து பெருகப் பெருக ரப்பரின் தேவையும் பெருகியது. மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் பால்மரம் வெட்டியது அதற்காகவே.

பெரிய ரிம்முக்கு ஏற்ப டயரின் பக்கச்சுவர் குறைந்துவிடுகிறது. குழியில் அச்சிறு இடைவெளி நசுங்கியதும் அடி நேரே ரிம்மில் விழுகிறது. பழைய இரும்புப் பட்டைக்கே பாதி வழி திரும்பிவிட்டோம் என்று பட்டறையில் காத்திருக்கையில் தோன்றியது.

வெடிப்புக் கண்ட ரிம்மை நிமிர்த்த இயலாது என்றார் பட்டறைக்காரர். பழைய சிறிய ரிம்மையே மாட்டச் சொன்னேன். மகன் இரண்டு நாள் பேசவில்லை.