நிக்காஹ் தஃப்தரில் ஒரு வரி

கல்யாண வீட்டில் உறவினனுக்கு ஓய்வில்லை. என் சாச்சாவின் கடைசி மகளுக்குச் சென்ற ஆண்டு எங்கள் கடற்கரை ஊரில் நிக்காஹ் நடைபெற்றபோது, பந்தற்கால் நட்ட நாள் முதல் சஹன்களைக் கழுவிக் கவிழ்த்த இரவு வரை அவ்வீட்டின் ஏவலாட்களில் நானும் ஒருவனாயிருந்தேன். வீடு வீடாகச் சென்று அழைத்தேன். நெய்ச்சோற்றுத் தேக்சாக்களுக்கு அருகே காவல் நின்றேன். வந்தோரைக் கைபற்றி வரவேற்றேன். மதரஸாவில் ஓதியவன் என்பதால் மற்றுமொரு பணியும் என்னைச் சேர்ந்தது. ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரில் விவரங்களை எழுதுவதும், சாச்சாவுடனும் சாட்சிகள் இருவருடனும் சென்று மணமகளின் சம்மதத்தைக் கேட்டு வருவதுமே அப்பணி.

மணமக்கள் பெயர், தந்தையர் பெயர், வலீ, சாட்சிகள், ஹிஜ்ரித் தேதி, ஆங்கிலத் தேதி என்று வரிசையாக எழுதி வந்த என் பேனா, 'மஹர்' என்னும் வரியில் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "நூற்றொரு ரூபாய் என்று எழுதுங்கள் ஹஸ்ரத், அதுதானே வழக்கம்" என்றார். அந்த வழக்கம் எத்தனை காலத்தது என்று அறியும் ஆவலில் பழைய தஃப்தர்களைப் புரட்டினேன். 1940ஆம் ஆண்டுப் பக்கமொன்றில் எங்கள் வாப்பும்மாவின் நிக்காஹ் பதிவாகியிருந்தது. மணமகளுக்கும் எனக்கும் பொதுவான பாட்டியார் அவர். அங்கும் மஹர் நூற்றொரு ரூபாய்தான். வழக்கம் உறுதியானது என்றெண்ணி நானும் எழுதிவிட்டேன்.

மஹர் என்பது இஸ்லாம் புதிதாகப் படைத்ததன்று. அறியாமைக் காலத்து அரபியரிடமும் அது இருந்தது. ஆயினும் பெண்ணின் பொருட்டுக் கொடுக்கப்பட்டதைப் பெரும்பாலும் அவளுடைய பொறுப்பாளரே எடுத்துக்கொண்டார். திருமறை அந்நிலையை மாற்றியது. அன்னிஸா அத்தியாயத்தின் நான்காம் வசனம், பெண்களுக்குரிய மஹரைப் பெண்களிடமே மனமுவந்து கொடுக்குமாறு ஆணையிடுகின்றது. அங்கு மஹரைக் குறிக்க ஆளப்படும் சொல், உண்மை எனப் பொருள்படும் 'ஸித்க்' என்னும் வேரிலிருந்து கிளைத்தது. தான் உண்மையாகவே இவளை நாடுகிறேன் என்பதற்கு ஆண் தரும் சான்றே மஹர் என்பதை அச்சொல்லே உணர்த்திவிடுகின்றது. பெண்ணுக்கு விலை என்னும் பொருள் அச்சொல்லில் இல்லை.

அதன் அளவு ஆளுக்கேற்ப வேறுபட்டது. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் துணைவியருக்கு அளித்த மஹர் பன்னிரண்டரை ஊக்கியா என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கின்றார்கள். ஓர் ஊக்கியா நாற்பது திர்ஹம் ஆதலின், மொத்தம் 500 திர்ஹம். இன்றைய எடையில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வெள்ளி. அலீ (ரலி) அவர்கள் தம் போர்க்கவசத்தை அன்னை பாத்திமா (ரலி) அவர்களுக்கு மஹராக அளித்தார்கள். ஏதுமற்ற ஏழைத் தோழரிடம், ஓர் இரும்பு மோதிரமேனும் கிடைக்குமா என்று தேடிப் பார்க்கச் சொன்னார்கள் நபியவர்கள். ஹனஃபி மத்ஹபில் குறைந்த அளவு பத்துத் திர்ஹம். எங்கள் கடற்கரையோரத்தில் வழங்கும் ஷாஃபிஈ மத்ஹபில் குறைந்த அளவென்று எதுவுமில்லை. விலை மதிப்புள்ள எதுவும் மஹராகலாம். இந்தச் சலுகை வறியவனுக்காக அருளப்பட்டது. வசதியுள்ளவன் அதன் நிழலில் ஒதுங்குவது எவ்வாறு பொருந்தும்?

மஹருக்கு உச்ச வரம்பு விதிக்க எண்ணிய உமர் (ரலி) அவர்களை ஒரு பெண்மணி இறைவசனத்தைக் காட்டி மறுத்துரைத்தார் என்றும், கலீபா தம் கருத்தைத் திரும்பப் பெற்றார் என்றும் ஒரு செய்தி உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் ஹதீஸ் கலை அறிஞர்கள் குறை கண்டிருக்கின்றனர். எனினும், தன் உரிமையைப் பற்றிப் பெண் வாய்திறந்து கேட்பதை நம் முன்னோர் இழுக்காகக் கருதவில்லை என்பதற்கு, அச்செய்தி தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்ததே போதிய சான்று.

இவ்வுரிமையை எழுத்தில் காக்கும் வழக்கமும் பழமையானது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த மண ஒப்பந்தங்கள் எகிப்தில் பாப்பிரஸ் ஏடுகளில் கிடைத்திருக்கின்றன. உடனே தரும் மஹர் எவ்வளவு, தவணையில் தரும் மஹர் எவ்வளவு என்று தீனார்க் கணக்கில் அவை விவரிக்கின்றன. மனைவியை நல்ல முறையில் நடத்த வேண்டும், அவள் தன் உறவினரைக் காண்பதைத் தடுக்கலாகாது என்னும் நிபந்தனைகளும் அவற்றில் இடம்பெறுகின்றன.

நம் நாட்டில் 1864ஆம் ஆண்டின் பதினோராம் சட்டம் அரசு காஜிகளை நியமிக்கும் முறையை ஒழித்தது. அதனால் விளைந்த குறையைப் போக்க ஸர் ஸையித் அஹ்மத் கான் சட்டமன்றத்தில் முன்மொழிந்து நிறைவேறியதே 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம். அது முதற்கண் சென்னை மாகாணத்திற்கே உரியதாயிற்று. பின்னர் 1937இல் ஷரீஅத் சட்டம் வந்தது. 1961இல் வந்த வரதட்சணைத் தடைச் சட்டம், வரதட்சணை என்பதன் வரையறையிலிருந்து மஹரை வெளிப்படையாக விலக்கி வைத்தது. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், எல்லாச் சமயத்தாரின் திருமணங்களையும் அரசிடம் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. இத்தனைக்கும் இடையில் நம் மகளிரின் மஹருக்கு நெருக்கமான சான்றாக இருந்து வருவது பள்ளிவாசல் பீரோவிலுள்ள தஃப்தரே.

தஃப்தரோடு நான் மணமகளின் அறை வாசலுக்குச் சென்றேன். சாச்சா முறைப்படி சம்மதம் கேட்டார். அப்பிள்ளை தலைகுனிந்தபடியே, "மஹர் எவ்வளவு, காக்கா?" என்றாள். சொன்னேன். வாப்பும்மாவுக்கும் அதுவே என்று பெருமையோடு சேர்த்துச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவள், "அந்த நூற்றொரு ரூபாய்க்கு அன்றைக்கு எத்தனை பவுன் வாங்கியிருக்கலாம், காக்கா?" என்று கேட்டாள்.

எனக்கு மறுமொழி வரவில்லை. முப்பது ஆண்டுகளாக மஹர்ப் பாடத்தை ஓதிக்கொடுத்தவன் நான். இக்கணக்கை ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. 1940இல் பத்துக் கிராம் தங்கம் சுமார் 36 ரூபாய். நூற்றொரு ரூபாய்க்கு 28 கிராம், அதாவது மூன்றரைப் பவுன் வரும். ஒரு பெண் இடுக்கண் வந்த காலத்தில் ஊன்றி நிற்கத்தக்க பொருள் அது. இன்று அதே நூற்றொரு ரூபாய்க்கு ஒரு குன்றிமணித் தங்கமும் கிடைக்காது. எண் மாறாதிருக்க, மஹர் மறைந்துவிட்டது. வழக்கத்தைக் காத்தோம் என்று நினைத்தோம். காத்தது மை எழுத்தை மட்டுமே.

நிக்காஹ் மஜ்லிஸுக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். முணுமுணுப்பு எழுந்தது. ஷாஃபிஈ மத்ஹபில் சொற்ப மஹரும் செல்லுமே என்றார் ஒருவர். செல்லும்தான், மணமகள் மனம் ஒப்பினால் செல்லும் என்றேன். அப்போது மாப்பிள்ளையே, "வாப்பும்மாவுக்குக் கொடுத்ததையே நானும் கொடுக்கிறேன், எடையில் கொடுக்கிறேன். மூன்றரைப் பவுன் என்று எழுதுங்கள், ஹஸ்ரத்" என்றார். பழையதை அடித்து எழுதினேன். மணமகள் சம்மதித்தாள். குத்பா ஓதப்பட்டது, ஈஜாபும் கபூலும் நிறைவேறின, பெண்கள் பக்கம் கருகமணி கட்டும் ஆரவாரம் கேட்டது.

இங்கேயே நிறுத்திக்கொண்டால் என் நெஞ்சம் என்னைப் பொறுக்காது. அந்த நிக்காஹுக்கு இரண்டு மாதம் முன்பு, தென்னந்தோப்பில் ஒரு பங்கை விற்ற பணத்தைத் துணிப்பையில் கட்டி, சாச்சாவுடன் மாப்பிள்ளை வீட்டுக்குச் சுமந்து சென்றவனும் நானே. கைக்கூலி என்று யாரும் அதைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. தஃப்தரில் அதற்கு வரியும் இல்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு வீடு தரும் மரபு உண்டு. அவ்வீடு அவளுடையதாகவே நிற்பது. இப்பணமோ அவள் கைக்கு வாராமலே ஓர் ஆணின் கையிலிருந்து மற்றோர் ஆணின் கைக்குச் சென்றது. அறியாமைக் காலத்துப் பொறுப்பாளர் பெண்ணுக்கு வந்ததை எடுத்துக்கொண்டார். நாமோ பெண்ணைப் பெற்றவரிடமே கேட்டு வாங்குகின்றோம்.

எழுதிவிட்டால் மட்டும் தீர்ந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. கைக்கூலியையும் பதிவு செய்து, அதில் ஒரு விழுக்காட்டைப் பள்ளிவாசலுக்கென்று பெற்ற ஜமாஅத்துகள் இருந்தன. அங்கே எழுத்து அத்தீமைக்கு முத்திரையாயிற்று. கைக்கூலித் திருமணத்திற்குத் தஃப்தரே தருவதில்லை என்று துணிந்த ஜமாஅத்துகளும் உண்டு. அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

அன்றிரவு சஹன்களைக் கழுவி அடுக்கும்போது சாச்சா என்னருகே வந்து அமர்ந்தார். "அவள் கேட்டது நியாயந்தான் வாப்பா. ஆனால் அதை முன்னமே நாம் அவளிடம் கேட்டிருக்கலாமே" என்றார். துணிப்பையைப் பற்றி அவரும் பேசவில்லை; நானும் பேசவில்லை.

மணநாளைக் குறிக்கும் முன் மணமகளிடம் இரண்டு செய்திகளைச் சொல்வது நம் கடமை: உனக்கு வரும் மஹர் இவ்வளவு, உன் பெயரால் நம் வீட்டிலிருந்து கேட்கப்படுவது இவ்வளவு. முதலாவதை அவளே அளந்து சொல்லட்டும். இரண்டாவதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல நா எழவில்லையெனில், அதைச் சுமந்து செல்ல நம் கைகளும் எழலாகாது.