மோலும் வாயுக்களின் பருமனும்: சிவாஜிநகர்க் கணக்கு

மோல் என்பது பொருளின் அளவைக் குறிக்கும் அலகு. ஒரு மோலில் 6.02214076×10²³ துகள்கள் இருக்கும். 2019 மே 20 முதல் இந்த எண்ணே அதன் வரையறை. அதற்கு முன்புவரை 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே அளவுகோலாக இருந்தது.

பள்ளி மாணவர் மனப்பாடம் செய்வதோ வேறோர் எண்ணை: 22.4 லிட்டர். ஹைட்ரஜனோ ஆக்சிஜனோ, எந்த வாயுவானாலும் 0° செல்சியஸில், 1 வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மோலின் பருமன் ஏறத்தாழ இதுதான். 1982இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றியதும் அது 22.7 ஆனது. ஒரு பாடநூலில் 22.4, இன்னொன்றில் 22.7 என்று பார்த்துக் குழம்பும் மாணவர் மீது தவறில்லை.

பெங்களூரு சிவாஜிநகரில் இரண்டுமே பொருந்தாது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ள நகரம் இது. காற்றழுத்தம் 910 ஹெக்டோபாஸ்கலை ஒட்டியே இருக்கும். 24° வெப்பநிலையில் PV = nRT என்ற வாயுச் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தால் ஒரு மோல் வாயுவின் பருமன் 27 லிட்டரைத் தாண்டுகிறது. சென்னைக் கடற்கரையில் 29° வெப்பத்திலும் அது சுமார் 25 லிட்டர்தான். இடம் மாறினால் பருமன் மாறும்; மோல் எண்ணிக்கை மாறாது. 22.4ஐ இயற்கையின் மாறிலி போலக் கற்பிப்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது.

எந்த வாயுவானாலும் ஒரு மோலின் பருமன் ஒன்றே என்ற கருத்து மெல்ல உருவானது. வாயுக்கள் எளிய முழு எண் விகிதப் பருமன்களில் வினைபுரிவதை வேதியியலாளர் கே-லுசாக் 1808இல் அறிவித்தார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்றார் அவகாட்ரோ, 1811இல். 1860 கார்ல்ஸ்ரூ வேதியியல் மாநாட்டில் கன்னிசாரோ எடுத்துரைத்த பிறகே அக்கருத்து வேரூன்றியது.

மீண்டும் சிவாஜிநகருக்கு வருவோம். அங்குள்ள ரசல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள பிரியாணிக் கடைகளில் எரியும் வணிக சிலிண்டரை எடுத்துக்கொள்ளலாம். அதில் 19 கிலோ எரிவாயு. உண்மையில் அது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது; கணக்குக்கு முழுவதும் பியூட்டேன் என்றே கொள்வோம். மோலார் நிறை 58 கிராம். ஆக 328 மோல். அவ்வூர்க் காற்றில் ஏறத்தாழ 9 கன மீட்டர். ஒரு மோல் பியூட்டேன் எரிய 6.5 மோல் ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடே என்பதால், ஒரு சிலிண்டர் குறைந்தது 275 கன மீட்டர் காற்றைக் கேட்கிறது. சன்னலில்லாத சமையற்கட்டு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். எரிந்து முடிகையில் 58 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 29 கிலோ நீரும் உண்டாகும்; கூடுதல் எடை முழுவதும் காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன்.

மருத்துவமனைகளின் பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் வேறு வகை. 46.7 லிட்டர் கொள்ளளவில், 150 பார் அழுத்தத்தில் 7 கன மீட்டர் வாயு அடைபட்டிருக்கும். எடை 9 கிலோ சொச்சம். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் கொடுத்தால் பதினொன்றரை மணி நேரத்துக்கு வரும். உள்ளே இருப்பது வாயு மட்டுமே என்பதால் அழுத்தமானி 75 பார் காட்டினால் பாதி தீர்ந்தது என்று பொருள்.

சமையல் எரிவாயுவில் இந்த உத்தி செல்லாது. உள்ளே திரவம் இருக்கும்வரை, வெப்பநிலை மாறாவிட்டால், ஆவியின் அழுத்தம் பெரிதாகக் குறையாது. அதனால்தான் அதைக் கிலோக் கணக்கில் விற்கிறார்கள். தராசு காட்டும் எடையிலிருந்து சிலிண்டர் மீது பொறித்துள்ள வெற்று எடையைக் கழித்து, கிராமாக்கி, 58ஆல் வகுத்தால் மிச்சமிருக்கும் மோல்கள் தெரிந்துவிடும்.