பாரமானியும் மேல்காற்றும்

புதிய கருவியைப் பிற நாட்டாரிடமிருந்து பெறுவது எளிது. அதற்குத் தம் மொழியில் பெயர் காண்பதே கடினம். 1746-இல் இயற்பியல் நூலொன்றை ருஷ்ய மொழியில் பெயர்த்து வெளியிட்ட லமனோசவ், சிலவற்றுக்கு ருஷ்யச் சொற்களைக் கண்டார். சிலவற்றுக்கு அயற்சொற்களையே ஏற்றார். பாரோமீட்டர் இன்றும் ருஷ்ய மொழியில் ஏறக்குறைய அதே பெயரில்தான் வழங்குகிறது. மகா பீட்டர் காலத்தில் டச்சுக்காரரிடம் கப்பற்கலை பயின்ற ருஷ்ய மாலுமிகளோ, தம் நாட்டு உழவர் 'சேவெர்' என்னும் வடக்கை 'நோர்ட்' என்றே வழங்கலாயினர்.

இதே சிக்கல் தமிழிலும் எழுந்தது. அதைத் தீர்க்கவே 1916-இல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் கலைச்சொல் ஆக்கத்துக்கென ஒரு சங்கம் அமைத்தனர். பின்னர் கோவையில் தோன்றிய 'கலைக்கதிர்' திங்களிதழும் அறிவியலைத் தமிழில் பரப்பிற்று.

பாரோமீட்டரைத் தமிழில் 'பாரமானி' என்றனர். கிரேக்க மொழியில் 'பாரோஸ்' என்பதற்கும் எடை என்றே பொருள். இவ்வொலி ஒற்றுமை தற்செயலானதே. ஆனால் பாரமானி என்றதும் மாணவன் தராசை நினைக்கக்கூடும். 'காற்றழுத்தமானி' என்றாலோ, அளக்கப்படுவது எது என்பது பெயரிலேயே விளங்கிவிடுகிறது.

காற்றின் பெயர்களில் வேறொரு கண்ணி உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்குள் வீசுவது மேல்காற்று. இங்கு 'மேல்' என்பது மேற்கு; உயரமன்று. இதனை அறியாதவர், 'உயரத்தில் வீசும் காற்று' என மொழிபெயர்த்துவிடலாம். மேலும், காற்றுக்கு அது புறப்படும் திசையாலும், கடல் நீரோட்டத்துக்கு அது செல்லும் திசையாலும் பெயரிடுவது மாலுமிகளின் மரபு. மேல்காற்று கிழக்கு நோக்கி வீசும். கிழக்கு நீரோட்டமும் கிழக்கு நோக்கியே ஓடும். இம்மரபை மறந்தால் கப்பல் எதிர்த்திசையில் இழுபடும்.

ஆகவே, அகராதியைப் புரட்டுமுன் கருவி எதை அளக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்பதே மொழிபெயர்ப்பாளரின் முதற்கடமையாகும்.