குடவோலையும் பிளே பட்டனும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கு. ஒன்று கி.பி. 919, இன்னொன்று 921. தேர்தல் வரலாற்றுக்காக எல்லாரும் படிக்கிறாங்க. மொபைலில் வீடியோ ஓடும் திரைகளை எழுதுகிற எனக்கு அதில் வேறொன்று பட்டது.

அதில் இரண்டு வகை விதிகள். ஒன்று, யார் தகுதியானவர் என்பது: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது. (919இல் அது 30-60. இரண்டே வருஷத்தில் திருத்தம்!) இன்னொன்று, படிப்படியான செய்முறை: ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத சிறுவனை எடுக்கச் சொல்லி, மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து வாங்கி வாசிப்பது.

பழைய ஆண்ட்ராய்டில் எல்லாமே செய்முறைதான். பட்டன் படத்தை மாற்று, சுற்றும் வட்டத்தை மறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லணும். ஒரு வரி விட்டுப்போனால், படம் ஓடும்போதும் முக்கோணம் அப்படியே நிற்கும். வாடகை டெக்கில் இந்தச் சிக்கல் இல்லை. அழுத்திய பட்டன் உள்ளே போய் நின்றால் ஓடுது என்று அர்த்தம்.

ரியாக்ட் நேட்டிவ் (2015), ஃபிளட்டர் 1.0 (2018), ஜெட்பேக் கம்போஸ் 1.0 (2021) எல்லாம் தகுதி விதி மாதிரி: இந்த நிலையில் திரை இப்படி இருக்கணும்னு மட்டும் சொன்னால் போதும். ஆனால் வீடியோ அடங்கவில்லை. 2014இல் கூகுள் வெளியிட்ட எக்ஸோபிளேயருக்கு இன்றும் 'ஓடு', 'நில்' என்று கட்டளைதான் போடணும். அதன் படச்சட்டங்கள் 'சர்ஃபேஸ்' என்ற தனிப் பரப்புக்குப் போகும். அதனால் கம்போஸ் திரைக்குள் பழைய வியூவைப் பதித்தே காலம் தள்ளினோம். 2025இல் மீடியா3 1.6 வந்தபோதுதான் கம்போஸுக்கென்றே பிளேயர்சர்ஃபேஸும், பட்டன்களின் நிலையைத் தாங்கும் வகைகளும் கிடைத்தன.

கட்டளை ஒழியவில்லை. கட்டளை பிளேயருக்கு, வர்ணனை திரைக்கு என்று பிரிந்தது, அவ்வளவுதான். அப்போ உண்மை யார் கையில்? 'ஓடுகிறது' என்று திரை தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தால், போன் அழைப்பு வந்து பிளேயர் நின்றதும் பட்டன் பொய் சொல்லும். சிக்னல் மங்கினாலும் அதே கதை. அதனால்தான் எக்ஸோபிளேயர், பார்ப்பவர் பிளே அழுத்தியிருக்கிறாரா என்பதையும் நிஜமாகவே ஓடுகிறதா என்பதையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. திரை அதையே கேட்டு எழுதணும்.

குடவோலையிலும் மத்தியஸ்தன் தானாக ஒரு பெயரைச் சொல்ல முடியாது. குடத்திலிருந்து வந்ததை அவன் வாசிக்கணும், பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் அதையே வாசிக்கணும். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் செல்லும்.