இலங்கைப் பல்கலைக்கழகக் கல்வியிற் போக்குவரத்து முகாமைத்துவம்: ஒரு வரலாற்று நோக்கு

பல்கலைக்கழகமொன்றில் ஒரு கல்விநெறி இடம்பெறுவதற்கு அதன் அறிவுப் பெறுமானம் மாத்திரம் காரணமாக அமைவதில்லை. அந்நெறி எச்சமூகத் தேவையிலிருந்து எழுந்தது, அத்தேவை எவருடையது, அதனை நிறைவேற்றும் பொறுப்பு அதுவரை எவரிடம் இருந்தது என்பனவும் உடன்வைத்து நோக்கப்படவேண்டியவை. போக்குவரத்து முகாமைத்துவம் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். இலங்கையில் முதலாவது புகையிரதம் 1864இல் ஓடியது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் நிறுவப்பட்டது. பஸ் சேவை 1958இல் தேசியமயமாக்கப்பட்டது. ஆயினும், போக்குவரத்து முகாமைத்துவம் தனக்கெனப் பட்டநெறியும் துறையும் பெற்று மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திற் கால்கொண்டது இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயாகும். இத்தாமதம் ஏன் நேர்ந்தது, தாமதமாக வந்த கல்வி எவ்வகை மரபைத் தனதாக்கிக்கொள்ள வேண்டும் என்னும் இரு வினாக்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

1. பெருந்தோட்டமும் பாதையும்

பிரித்தானியர் ஆட்சியில் நவீனப் போக்குவரத்து, மக்களின் நடமாட்டத் தேவையிலிருந்து தோன்றியதன்று. 1820களில், தேசாதிபதி எட்வேட் பாண்ஸின் காலத்தில் அமைக்கப்பட்ட கொழும்பு - கண்டி வீதி முதலில் இராணுவத் தேவைக்கு உதவிற்று. பின்னர் கோப்பித் தோட்டங்களின் உயிர்நாடியாயிற்று. 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம், ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்தவேண்டும் என விதித்தது. அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு ஏனைய வரிகளுடன் இச்சட்டமும் காரணமாயிற்று. இந்நாட்டிலே போக்குவரத்து முதலில் பொதுமக்களுக்கு ஒரு சேவையாக அன்றி, அவர்களின் உழைப்பின்மீது விதிக்கப்பட்ட சுமையாகவே அறிமுகமானது என்பது மனங்கொள்ளத்தக்கது.

புகையிரதத்தின் வரலாறும் இவ்வழிப்பட்டதே. 1845இல் இலண்டனில் உருவான கம்பனியின் முயற்சி செலவு மிகுதியால் முறிவடைய, அரசாங்கமே பணியை ஏற்றது. 1864 டிசெம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை வண்டி ஓடிற்று. 1867இற் பாதை கண்டியை அடைந்தது. கோப்பி நோயினால் அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோது, பாதையும் தேயிலையைத் தொடர்ந்து மலையேறிற்று: 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை. காங்கேசன்துறையோ 1905இலேயே கொழும்புடன் முழுமையாக இணைக்கப்பட்டது. மட்டக்களப்பும் திருகோணமலையும் 1928 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏற்றுமதிப் பண்டம் எங்கு விளைந்ததோ அங்கு பாதை முந்திச் சென்றது. மக்கள் செறிந்து வாழ்ந்த இடங்கள் பிந்தின.

இப்பாதைகளாற் பயன்பெறாத இன்னொரு கூட்டத்தாரும் இருந்தனர். தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே கால்நடையாகச் சென்றனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். கோப்பி மூடை கண்டியிலிருந்து புகையிரதத்தில் இறங்கிய அதே காலத்தில், அக்கோப்பியைப் பறித்தவர் நடந்தே மலையேறினர். 1914இல் தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டதும், கப்பல் வழியே தனுஷ்கோடியுடன் தொடர்பு ஏற்பட்டதும், தொழிலாளர் வருகையை ஒழுங்குபடுத்தும் தேவையோடு பிணைந்தவையே.

2. பிறநாடுகளில் துறையின் தோற்றம்

ஐரோப்பாவில் இத்துறை வேறு வழியால் உருப்பெற்றது. பிரெஞ்சுப் பொறியியலாளரான டியூப்பியூயி, ஒரு பாலத்தினாற் பொதுமக்கள் பெறும் பயனை அளப்பது எவ்வாறு என்னும் வினாவை 1844இல் எழுப்பினார். ஒரு பணியின் பயன், அதற்கு அறவிடும் கட்டணத்திலும் வேறானது என அவர் காட்டியது பிற்காலப் பொருளியலுக்கும் அடிப்படையாயிற்று. 1850இல் லாட்னர் புகையிரதப் பொருளாதாரம் பற்றி எழுதிய நூலைக் கார்ல் மார்க்ஸ் ஊன்றிப் படித்தார். பொருளை இடம்பெயர்த்தலும் உற்பத்தியே என்னும் கருத்தை அவர் மூலதனத்தின் இரண்டாம் பாகத்தில் விளக்கினார். அமெரிக்காவில் ஹாட்லியின் புகையிரதப் போக்குவரத்து பற்றிய நூல் 1885இல் வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் பொருளியற் கல்லூரியில் புகையிரத ஊழியர்க்கென வகுப்புகள் நடைபெற்றன.

இவற்றுக்குப் பொதுவான பின்னணி ஒன்றுண்டு. புகையிரதக் கம்பனிகள் தனியுரிமை பெற்றுக் கட்டணங்களை விரும்பியவாறு விதித்தபோது வணிகரும் விவசாயிகளும் எதிர்த்தனர். அரசுகள் தலையிட்டன, அத்தலையீட்டுக்கு அறிவு வேண்டியிருந்தது. குடியேற்ற நாட்டிலோ இத்தகைய பகிரங்க விவாதத்துக்கு இடமிருக்கவில்லை. கட்டணம், நேர அட்டவணை, பாதை என்பவை நிருவாகத்தின் கோப்புகளுக்குள் முடிவாயின. துரைமாரின் சங்கம் ஆலோசனை கூறிற்று. விவாதம் இல்லாத இடத்தில் துறையும் தோன்றவில்லை.

3. பட்டறையில் வளர்ந்த அறிவு

இதனால் இலங்கையருக்குப் போக்குவரத்து பற்றிய அறிவே இருக்கவில்லை என்று கொள்ளலாகாது. உயர்பதவிகள் பிரித்தானியர் வசம் இருந்த காலத்திலும், நிலைய அதிபர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் இயந்திரச் சாரதிகளாகவும் பட்டறைத் தொழிலாளராகவும் இலங்கையரே அமைப்பை நாள்தோறும் இயக்கினர். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளை எந்நிலையத்தில் விலகச் செய்வது, தாமதமொன்று அடுத்தடுத்த நிலையங்களில் எவ்வாறு பெருகும் என்பவற்றை அவர்கள் பழக்கத்தால் அறிந்திருந்தனர். 1912ஆம் ஆண்டுப் புகையிரத வேலைநிறுத்தமும், புகையிரதப் பட்டறைகளில் தொடங்கிய 1923ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தமும், இவ்வறிவுடையோர் தம் பலத்தையும் அறிந்திருந்தனர் என்பதைக் காட்டுகின்றன. இப்பட்டறை மரபில் வளர்ந்த பி. டி. இராம்பால 1955இற் பொது முகாமையாளராகி, நீராவியிலிருந்து டீசலுக்கு மாறிய காலத்திற் புகையிரதச் சேவையை வழிநடத்தினார்.

எனினும், இவ்வறிவு பல்கலைக்கழகத்தின் வாயிலைத் தாண்டவில்லை. 1950இல் தொடங்கிய பொறியியற் பீடம் பாலங்களையும் வீதிகளையும் அமைக்கக் கற்பித்தது. கட்டப்பட்ட பாதையில் எத்தனை பஸ்கள், எந்நேரத்தில், எக்கட்டணத்தில், எவருக்காக ஓடவேண்டும் என்னும் வினாக்கள் எத்துறைக்கும் உரியனவாகக் கருதப்படவில்லை. கட்டுபவனுக்குப் பட்டமும் இயக்குபவனுக்கு அனுபவமும் என்ற இப்பிரிவினை, மூளையுழைப்பையும் உடலுழைப்பையும் வேறாக்கிய குடியேற்றக் கல்விமுறையின் எச்சமே.

4. பஸ் போட்டியும் தேசியமயமும்

விவாதம் இறுதியில் எழுந்தது பஸ்ஸிலேதான். 1930களில் ஒரே பாதையிற் பல உரிமையாளர் போட்டியிட்டு ஓடினர். பயணி சேரும்வரை தரிப்பிடத்திற் காத்திருத்தலும், பின்னர் முன்செல்லும் பஸ்ஸை முந்த விரைதலும் வழக்கமாயின. 1942ஆம் ஆண்டின் பஸ் அனுமதிக் கட்டளைச் சட்டம் பாதைகளைக் கம்பனிகளுக்குத் தனியுரிமையாகப் பிரித்தளித்தது. போட்டியின் தீமை அகன்றபோது தனியுரிமையின் தீமை வந்தது. இலாபந்தரும் பாதையில் வண்டிகள் நிறைந்தன. பின்தங்கிய கிராமங்கள் கைவிடப்பட்டன. 1948இல் இரத்தினம், 1954இற் சன்சோனி, 1956இல் ஜயரத்தின பெரேரா ஆகியோர் நடத்திய ஆய்வுகள் தேசியமயத் தீர்மானத்துக்கு அடிப்படையாயின. இலங்கையிற் போக்குவரத்து முகாமைத்துவம் பற்றிய தொடக்ககால ஆய்வுகளாக இவற்றைக் கொள்வது பொருந்தும். அவை பல்கலைக்கழகத்துக்கு வெளியே செய்யப்பட்டவை என்பதும் கவனிக்கத்தக்கது.

1957ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, 1958 சனவரி முதலாந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. அதன் அடிப்படைக் கொள்கை எளிமையானது. ஆதாயந்தரும் பாதையின் வருமானத்தைக் கொண்டு ஆதாயமற்ற பாதையில் பஸ்ஸை ஓடவிடுவதே அது. அதிகாலையிற் சந்தைக்குச் செல்லும் விவசாயிக்கும், இரவில் வேலை முடிந்து திரும்பும் தொழிலாளிக்கும், பருவச்சீட்டில் பாடசாலை செல்லும் மாணவிக்கும் ஓடும் பஸ், கணக்கேட்டில் நட்டமாகவே தோன்றும். அந்நட்டம் சமூகத்தின் வேறு கணக்குகளில் ஆதாயமாகின்றது. டியூப்பியூயி கோட்பாடாகக் கூறியதை இ.போ.ச. நடைமுறையிற் செய்துகாட்டியது எனலாம்.

ஆனால் அதன் குறைகளை மறைப்பது முற்போக்காளர்க்கு அழகன்று. அரசியற் சிபாரிசினால் ஆட்கள் நிரப்பப்பட்டனர். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் உதிரிப்பாகங்கள் கிடையாது பஸ்கள் சாலைகளில் முடங்கின. கூட்ட நெரிசல் தீராப் பிரச்சினையாயிற்று. 1970இன் ஐக்கிய முன்னணி ஆட்சிக்காலத்திற் சாலைகளில் ஊழியர் சபைகள் அமைக்கப்பட்டு, தொழிலாளரை முகாமைத்துவத்திற் பங்குகொள்ளச் செய்யும் பரிசோதனை நடைபெற்றது. தேசியமயம் உடைமையை மாற்றியது. முகாமைத்துவத்துக்கு வேண்டிய பயின்ற ஆளணியை அது தோற்றுவிக்கவில்லை. பல்கலைக்கழகம் முன்வந்திருக்கவேண்டிய தருணம் அதுவே. வரவில்லை.

5. சிதைவும் கல்விநெறியின் வருகையும்

1978ஆம் ஆண்டின் சட்டம் சபையைப் பிராந்தியச் சபைகளாகப் பிரித்தது. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. 1980 யூலை வேலைநிறுத்தத்தின்போது புகையிரத ஊழியர் உட்படப் பல்லாயிரவர் வேலையிழந்தமை, அமைப்பினுள் நாற்பதாண்டுகளாகத் திரண்டிருந்த அனுபவ அறிவுக்கும் நேர்ந்த இழப்பாகும். 1990இல் ‘மக்கள்மயம்’ என்ற பெயரிற் சாலைகள் தனித்தனிக் கம்பனிகளாயின. 1991இல் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு ஏற்படுத்தப்பட்டது. 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் மீண்டும் ஒரே சபை அமைக்கப்பட்டது.

இவ்வட்டத்தை உற்றுநோக்கின், 1930களின் நிலைமை 1980களில் மறுபடி தோன்றியமை புலனாகும். ஓரிரு பஸ்களை உடைய சிறு உரிமையாளர் பலர். நாட்கூலி சேகரிப்பில் தங்கியிருக்கும் சாரதியும் நடத்துநரும். காத்திருத்தலும் பின்னர் விரைதலும். சாரதியின் ஒழுக்கக்குறைவே இதற்குக் காரணமெனப் பலர் கருதுவர். உண்மையில் ஊதிய முறையே காரணம். அடுத்த பயணியைப் பின்வரும் பஸ்ஸுக்கு விட்டுவிட்டால் தன் கூலி குறையும் என்ற நிலையில், எச்சாரதியும் அவ்வாறே ஓட்டுவான். 1942இலும் 1957இலும் கற்ற பாடத்தை ஒரு தலைமுறைக்குள் நாடு மறந்தது. பல்கலைக்கழகத்தில் அப்பாடம் பாதுகாக்கப்படாமையும் அம்மறதிக்கு ஒரு காரணமாகும்.

வடக்கின் அனுபவம் வேறொரு பாடத்தைத் தருகின்றது. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 ஒக்டோபரிலேயே மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை வந்தடைந்தது. இடையில் வீதி மூடப்பட்டிருந்த காலத்திற் கிளாலிக் கடனீரேரியைப் படகில் இரவிற் கடந்தோர் உயிரைப் பணயம் வைத்தனர். பாடநூல்கள் பாதை இருப்பதாகக் கொண்டே கணக்கிடத் தொடங்கும். பாதை மறுக்கப்படும்போது மருத்துவமும் கல்வியும் வணிகமும் எவ்வாறு குலையும் என்பதும் போக்குவரத்துக் கல்விக்குள் அடங்கவேண்டிய பொருளே.

இப்பின்னணியிலேதான் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தில் இத்துறை அமைந்தது. 1960இற் கட்டுபெத்தையிற் செய்முறைத் தொழினுட்ப நிறுவனமாகத் தொடங்கி, 1966இல் தொழினுட்பக் கல்லூரியாகவும் 1972இல் வளாகமாகவும் 1978இற் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்த நிறுவனம் அது. பட்டறைக்கும் வகுப்பறைக்கும் இடையிலான பிரிவினையைக் கடக்கத் தக்க மரபு அதற்கு உண்டு. துறையின் பெயரில் போக்குவரத்துடன் பொருள்வழங்கல் ஒழுங்கமைப்பும் இணைந்துள்ளது. கொழும்புத் துறைமுகத்தின் கொள்கலன் வாணிபத்தை நோக்குமிடத்து இவ்விணைப்பு இயல்பானதே. ஆயினும் வரலாறு தரும் எச்சரிக்கை ஒன்றுண்டு. பண்டத்துக்கு வழி சமைத்த பின்னரே மனிதனை நினைத்த மரபு இந்நாட்டில் 1867இலிருந்து இருந்து வருகின்றது. பட்டதாரிக்கு வேலை வழங்கும் சந்தையும் பண்டத்தின் பக்கமே சாய்கின்றது. பண்டத்தின் இயக்கத்தை முகாமை செய்வதற்குக் கம்பனிகள் ஊதியம் கொடுக்கும். இரவு எட்டு மணிக்குப் பின் கிராமத்துக்குப் பஸ் இல்லாத தாதிக்காக எவர் ஊதியம் கொடுப்பார்?

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, இந்நாட்டுப் போக்குவரத்தின் வரலாறு இக்கல்விநெறியின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்றாக அமைதல் வேண்டும். 1948 முதல் 1956 வரையான ஆய்வுகளும் இ.போ.ச.வின் இருபதாண்டு அனுபவமும் எப்பிறநாட்டு எடுத்துக்காட்டிலும் எமக்கு நெருக்கமானவை. இரண்டாவது, சாலை அத்தியட்சகர், நேரக்கணிப்பாளர், நடத்துநர் ஆகியோரின் அனுபவ அறிவு அவர்கள் வாழுங் காலத்திலேயே பதிவுசெய்யப்படல் வேண்டும். மூன்றாவது, இவ்வறிவு தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படல் வேண்டும். ஆங்கில மூலம் கற்ற பட்டதாரி, பயணியின் மொழியில் நேர அட்டவணையை நியாயப்படுத்த இயலாதவனாயின், அவனது முகாமைத்துவம் மீண்டும் கோப்புக்குள்ளேயே முடங்கும்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோதும், மக்கள் நாட்கணக்கில் வரிசைகளில் நின்றபோதும், பொதுப் போக்குவரத்து எத்துணை நலிந்திருந்தது என்பதை நாடு முழுவதும் கண்டது. சொந்த வாகனம் உடையோரும் அன்று பஸ்ஸைத் தேடினர். போக்குவரத்து முகாமைத்துவம் பயில்வோர் தம் கல்வியின் முதல் வினாவை அந்நாட்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எத்தனை வாகனங்கள் ஓடின என்பதற்கு முன்னர், எவரெவர் போகவேண்டிய இடத்துக்குப் போகமுடியாமற் போயினர் என்பதே அவ்வினா.