மீன்தொட்டிக் கண்ணாடிப் பாசியும் நத்தைகளும்

மீன்தொட்டிக் கண்ணாடிப் பாசி என்பது நன்னீர்த் தொட்டிகளின் உட்சுவரில் ஒட்டி வளரும் நுண்பாசிப் படலம். வெளிச்சமும், மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து சேரும் நைட்ரேட், பாஸ்பேட் சத்துகளும் உள்ள எந்தத் தொட்டியிலும் இது வரும். பெரும்பாலான வகைகளால் மீனுக்குக் கேடில்லை. நத்தைக்கோ அதுதான் சாப்பாடு. தொந்தரவெல்லாம் வெளியே நின்று பார்ப்பவருக்கு. ஆகவே நத்தை உள்ள தொட்டியில் பாசியை அடியோடு ஒழிக்க முனைவது தவறான இலக்கு. பார்க்கும் பக்கத்தை மட்டும் தெளிவாக வைத்தால் போதும்.

நத்தைக்கும் தொட்டிக் கண்ணாடிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. லண்டன் வேதியியலர் ராபர்ட் வாரிங்டன் தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா செடியையும் ஒரு கண்ணாடிக் கலத்தில் வைத்து, தண்ணீர் மாற்றாமலேயே இரண்டும் ஒன்றையொன்று வாழவைக்குமா என்று சோதித்தார். செடியின் இலைகள் அழுகின, கலத்தின் சுவரில் பச்சை படிந்தது, நீர் கலங்கியது. குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்று தீர்க்க, நீர் தெளிந்தது. நத்தை முட்டைகள் மீனுக்கு இரையாயின. 1850இல் அவர் வெளியிட்ட இந்தச் சோதனையே இன்றைய மீன்தொட்டிக்கு அடிப்படை. லண்டன் விலங்குக் காட்சியகத்தில் பொதுமக்களுக்கான மீன் காட்சிக்கூடம் திறந்தது அதற்குப் பிறகு, 1853இல்தான்.

பாசி வகைகள்

புதிதாக அமைத்த தொட்டியில் முதலில் வருவது பழுப்புப் படலம். இது டயாட்டம் எனப்படும் நுண்ணுயிர். விரலால் தடவினாலே போய்விடும், நத்தைகளும் விரும்பித் தின்னும். பச்சைத் தூள் பாசியும் எளிதில் துடைபடும், ஆனால் விரைவில் திரும்ப வரும். பச்சைப் புள்ளிப் பாசிதான் பிடிவாதக்காரன். வட்ட வட்டமாகக் கண்ணாடியோடு இறுகிக்கொள்ளும் இதை ஸ்பாஞ்சு அசைக்காது, பிளேடு வேண்டும். நீலப்பச்சைப் பாசி என்று பெயர் பெற்றது உண்மையில் பாசியே அல்ல, பாக்டீரியா. வழவழப்பான விரிப்பாகப் படர்ந்து நாற்றமடிக்கும். நத்தைகள் இதைத் தொடுவதில்லை. இதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பதே முறை.

நத்தைகள்

கண்ணாடிச் சுத்தத்தில் முதலிடம் நெரைட் நத்தைக்கு. வாயிலுள்ள ராடுலா என்னும் அரநாக்கால் புள்ளிப் பாசியைக்கூடச் சுரண்டிவிடும். அது போன பாதையை மறுநாள் கண்ணாடியில் வளைவு வளைவான கோடுகளாகப் பார்க்கலாம். ராம்ஸ்ஹார்ன் எனப்படும் தட்டைச் சுருள் நத்தையும், சிறிய குளத்து நத்தைகளும் மென்மையான படலத்தை மேயும். ஊசிக் கூம்பு வடிவ மெலனாய்டஸ் பகலில் சரளைக்குள் புதைந்து கிடந்து இரவில் கண்ணாடியில் ஏறும். மிஸ்டரி நத்தை என்று கடைகளில் விற்கப்படும் தென் அமெரிக்க ஆப்பிள் நத்தை அழகுக்காக வாங்கப்படுவது. பாசியைவிட மிஞ்சிய தீனியில்தான் அதற்கு நாட்டம். நம் வயல்களில் கிடைக்கும் பைலா நத்தையைப் பிடித்து வந்து விடுபவர்கள் உண்டு. அது இலைதழை தின்னி. தொட்டியில் செடி இருந்தால் செடிதான் போகும்.

துடைக்கும் முறை

பகலில் துடைப்பது நல்லது. மெலனாய்டஸ் அப்போது கண்ணாடியில் இராது. தொடங்குமுன் துடைக்கப்போகும் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்க்க வேண்டும். பெரிய நத்தைகள் கண்ணில் படும். நசுங்குவதெல்லாம் மில்லிமீட்டர் அளவுக் குஞ்சுகளே.

ஒட்டியிருக்கும் நத்தையைப் பிடுங்கக் கூடாது. ஓட்டைப் பிடித்து வெடுக்கென இழுத்தால், உடலை ஓட்டோடு பிணைக்கும் தசை கிழியலாம். அப்படிக் கிழிந்த நத்தை பெரும்பாலும் பிழைப்பதில்லை. மிஸ்டரி நத்தையைத் தொட்டால் உள்ளிழுத்துக்கொண்டு தானாக விழும். நெரைட் அதற்கு நேர் எதிர்: தொடத் தொட இன்னும் இறுகும். அது ஊர்ந்து செல்லும்போது பக்கவாட்டில் மெல்ல நகர்த்தி எடுக்கலாம். இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் துடைப்பதே மேல். மாலைக்குள் அதுவே நகர்ந்துவிடும். எடுத்த நத்தையை மேலிருந்து போடாமல், வாய்ப்பகுதி கீழே இருக்கும்படி அடியில் வைக்க வேண்டும். நெரைட் மல்லாந்து கிடந்தால் பல சமயம் அதனால் நிமிர முடியாது.

கடைகளில் கிடைக்கும் காந்தத் துடைப்பான் கையை நனைக்காமல் வேலை செய்ய வசதியானது. நத்தைத் தொட்டிக்கு அதுவே மிக ஆபத்தான கருவியும். உள்ளே இருக்கும் பாதி எதன்மேல் ஏறுகிறது என்று வெளியே இருக்கும் கைக்குத் தெரியாது. அடிமண்ணுக்கு அருகே கொண்டுபோனால் மணல்துகள் இடையில் சிக்கிக் கண்ணாடியில் நிரந்தரக் கீறல் விழும். கையில் பிடித்த ஸ்பாஞ்சோ பழைய ஏடிஎம் கார்டோ மெதுவானதுதான், ஆனால் தடை பட்டவுடன் நிறுத்த முடியும். ஸ்பாஞ்சு புதியதாக, சோப்பு படாததாக இருக்க வேண்டும். புள்ளிப் பாசிக்குப் பிளேடு வைத்த சுரண்டியைச் சாய்வாகப் பிடித்து இழுக்கலாம். மூலைகளிலுள்ள சிலிக்கோன் பூச்சில் பிளேடு பட்டால் தொட்டி ஒழுகலாம். அக்ரிலிக் தொட்டியில் உலோகமே கூடாது.

சுரண்டியதை நீரில் மிதக்க விடாமல் குழாயால் உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். குழாய் முனையில் வலைத்துணி கட்டினால் நத்தைகள் போகா. வாளியில் விழுந்த வெளிநாட்டு நத்தைகளை ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. ஆப்பிள் நத்தை இனங்களில் ஒன்றான பொமேசியா கனாலிகுலாட்டா ஆசியாவின் நெல்வயல்களில் பெரும் பீடையாகிவிட்டது.

கண்ணாடியில் எள்ளைப்போல் ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளிகள் பாசி அல்ல, நெரைட் முட்டைகள். கடைகளில் விற்கும் நெரைட் வகைகளின் இளம்புழுக்கள் வளர உவர்நீர் தேவை என்பதால் நன்னீர்த் தொட்டியில் அவை குஞ்சாவதில்லை. தயங்காமல் சுரண்டலாம். ஒளி ஊடுருவும் கூழ்ப்பொட்டுகளாக இருந்தால் அவை ராம்ஸ்ஹார்ன் அல்லது குளத்து நத்தை முட்டைகள். அவற்றை விட்டுவைத்தால் தொட்டி நத்தைக்காடாகும்.

மருந்துகளும் செம்பும்

நத்தைகள் கூட்டமாகச் சாவது பல சமயம் பாசிக்கொல்லி மருந்தால். பல பாசிக்கொல்லிகளிலும், மீன்களின் ஒட்டுண்ணி நோய்களுக்கான சில மருந்துகளிலும் இருப்பது செம்பு. செம்பு சல்பேட்டான மயில்துத்தம் நத்தைக்கு நஞ்சு என்பது புதிதல்ல: நத்தைகள் வழியே பரவும் பில்ஹார்சியா நோயைத் தடுக்க எகிப்தில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நீர்நிலைகளில் அதைக் கொட்டி நத்தைகளைக் கொன்றார்கள். ஆப்பிள் நத்தை போன்றவற்றின் இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோசயனினில் செம்பு இருப்பது ஒரு வேடிக்கை. உடலுக்குள் கட்டுண்ட செம்பு உயிர் காக்கிறது. நீரில் கரைந்த செம்போ, உடலின் உப்புச் சமநிலையைக் குலைக்கிறது. தட்டைச் சுருள் நத்தைகளின் இரத்தத்தில் நம்முடையதைப் போல ஹீமோகுளோபின்தான் உண்டு. அதனாலும் அவை தப்புவதில்லை. செம்பு சரளையில் படிந்து தங்குவதால், மருந்திட்ட தொட்டியில் ஒருமுறை நீர் மாற்றிவிட்டுப் புது நத்தை விடுவதும் பாதுகாப்பல்ல.

செம்பில்லாத மருந்தானாலும், பாசி முழுவதும் ஒரே நேரத்தில் செத்து அழுகினால் நீரில் ஆக்ஸிஜன் குறைந்து அம்மோனியா ஏறும்.

ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றும் வீடுகளில் நீர்மட்டத்தை ஒட்டி வெள்ளை உப்புக்கறை படியும். அதை எடுக்க வினிகரோ எலுமிச்சையோ நல்லதுதான், ஆனால் தண்ணீரை இறக்கிவிட்டு, துணியில் நனைத்துத் துடைத்து, பிறகு வெறும் நீரால் வழித்தெடுக்க வேண்டும். நத்தை ஓடு சுண்ணாம்பு, அமிலத்தில் கரையும். கறையைத் தரும் அதே கடினநீர் ஓட்டை உறுதியாக்கவும் செய்கிறது. அமிலத்தன்மையுள்ள மென்னீரில்தான் ஓடு வெளுத்துக் குழிவிழும்.

தடுப்பும் தீனியும்

நேரடி வெயில் படாத இடம், நாளுக்கு 6 முதல் 8 மணி நேர விளக்கு, அளவான தீனி, வாரம் கால்பங்கு நீர் மாற்றம். இவை சரியாக இருந்தால் துடைக்கும் வேலை பாதியாகும். குழாய்நீராக இருந்தால் முதலில் குளோரின் நீக்க வேண்டும்.

முன்பக்கக் கண்ணாடியை வாரம் ஒருமுறை துடைத்து, பின்பக்கத்தையும் பக்கச்சுவர்களையும் நத்தைக்கு விடுவது பலர் பின்பற்றும் ஏற்பாடு. நாற்புறமும் பளிச்சென்று வைத்திருக்கும் தொட்டியில் நெரைட் பட்டினியால் சாகும். மற்ற நத்தைகளுக்கு வேகவைத்த கீரையோ வெள்ளரித் துண்டோ போட்டு, மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடலாம். நெரைட் பல சமயம் அதைத் தொடுவதே இல்லை. அமைத்துச் சில வாரமே ஆன, கண்ணாடியில் இன்னும் பசுமை படராத தொட்டிக்கு நெரைட் வாங்க வேண்டாம்.